கொடைக்கானலுக்கு வந்த நிலநடுக்கமானிகள்

கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் எனக்கு மாமா முறையாகிற ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். இரண்டு வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன நிலநடுக்கமானியை வரவழைத்தார். டிபன் டப்பா அளவுதான். ஒரே வாரத்தில் விமானம் ஏறி இந்தியாவுக்கு வந்துவிட்ட பெட்டி, அங்கிருந்து மலையேற ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. இடையில் வந்த போன் காலை மாமா இன்றும் நடித்துக் காட்டுவார்.

"சார், இதுல வைஃபை இருக்கா?"

"இருக்கு தம்பி."

"அப்ப அனுமதிக் கடிதம் வேணுமே சார்."

"இது பூமி ஆடுறதை அளக்கிற கருவிப்பா."

"அது பரவாயில்ல சார். வைஃபைதான் பிரச்சினை."

வயர்லெஸ் வசதியுள்ள சாதனங்களை இறக்குமதி செய்தால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் வகை ஒப்புதலைக் கேட்பார்கள். விதி அப்படி, போன் செய்த பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நிலநடுக்கக் கருவிகளின் உலக வணிகம் எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த உரையாடல்தான். கருவி அளப்பது நிலநடுக்கத்தை. அதைச் செய்வதும் விற்பதும் வழியில் நிறுத்தி வைப்பதும் பெரும்பாலும் வேறு ஏதோ காரணத்துக்காக. பூமி ஆடும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தையில் பெரிய குரல் எப்போதும் இருந்ததில்லை. நூற்றி இருபது வருடங்களுக்கு மேலாக வந்துபோன கருவிகளை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். அதற்குக் கொடைக்கானலைவிட வசதியான ஊர் தென்னிந்தியாவில் இல்லை.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வானிலை, சூரியன், தொலைநோக்கி என்று ஆய்வகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். 1899-இல் அந்த மேட்டில் ஆய்வகம் உருவாகத் தொடங்கியது சூரியனுக்காகத்தான். சூரியனின் மாற்றத்துக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி, 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு ஆங்கில அரசை அரித்துக்கொண்டிருந்தது. அதே வளாகத்துக்குச் சூரியனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கருவியும் வந்து சேர்ந்தது. அதுதான் மில்ன் நிலநடுக்கமானி.

ஜான் மில்ன் ஆங்கிலேயர். 1876-இல் டோக்கியோவுக்குப் பொறியியல் கல்லூரி ஆசிரியராகப் போனார். 1880-இல் யோகோஹாமா குலுங்கியதும், அங்கே இருந்த வெளிநாட்டு ஆசிரியர்களோடு சேர்ந்து நிலநடுக்கத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். நவீன நிலநடுக்கமானி பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான். 1895-இல் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு காரியம் செய்தார். தன் கருவியை லண்டனில் ஆர்.டபிள்யூ. மன்ரோ என்ற கருவி செய்பவரிடம் ஒரே மாதிரியாகச் செய்ய வைத்து, பிரிட்டிஷ் கொடி பறந்த இடங்களுக்கெல்லாம் வாங்கி வைக்கச் சொல்லிக் கடிதம் போட்டார். விலை சுமார் 50 பவுண்டு. எல்லாக் கருவியும் ஒரே மாதிரி இருந்தால்தான் கேப் டவுனில் பதிவான கோட்டையும் கல்கத்தாவில் பதிவான கோட்டையும் ஒப்பிட முடியும். அறிவியல் தேவை அது. ஒரே கடைக்கு உலகம் முழுக்க ஆர்டர் குவிந்ததும் அதனால்தான். நிலநடுக்கக் கருவிகளில் உலகச் சந்தை என்று சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

இந்தியா வாங்கத் தூண்டியது 1897 ஜூன் 12-இல் அசாமையும் ஷில்லாங்கையும் உருட்டிப்போட்ட பெரிய நிலநடுக்கம். அடுத்த வருடம் டிசம்பரில் கல்கத்தா அலிப்பூரில் நாட்டின் முதல் நிலநடுக்க ஆய்வுக்கூடம் திறந்தது. சற்றே பின்னால் பம்பாய் கொலாபாவும் கொடைக்கானலும் சேர்ந்தன. நம் பக்கமும் சும்மா இல்லை. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூரில் ரிக்டர் அளவில் 6-ஐ ஒட்டிய ஒரு நிலநடுக்கம் வந்து, தென்னிந்தியாவில் பாதிப் பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது.

அந்தக் கருவி மலைக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறும் இன்றைய காட் ரோடு முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் கப்பலில் வந்த சாமான் ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்கும். இன்று அதற்குக் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அப்புறம் தலைச்சுமை, இல்லையென்றால் மட்டக்குதிரை. லண்டன் பட்டறையில் பஞ்சில் பொதிந்த மெல்லிய ஊசல்தண்டு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு மைலை ஒரு சுமைகாரர் தோளில்தான் கடந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலில் அவருடைய கூலி சேர்ந்திருக்காது.

மில்ன் கருவியைப் பெருமையாகப் பேசினாலும் அதில் ஒரு பெரிய குறை. ஊசலை அடக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒருமுறை ஆட ஆரம்பித்தால் நிலம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும். அறைக்குள் புகும் காற்றே கோட்டைக் கலைத்துவிடும். ஜெர்மனியில் வீகெர்ட்டும் ரஷ்யாவில் இளவரசர் கலிட்சினும் இதைவிட நல்ல கருவிகளைச் செய்துவிட்டார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் நிலையங்கள் பல காலம் மில்ன் வகையையே கட்டிக்கொண்டு அழுதன. ஏற்கெனவே வாங்கிப் பழகிய கருவியை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது முதல் பாடம். கடைசிப் பாடம் அல்ல.

அடுத்த அலைக்குக் காரணம் அணுகுண்டு.

1958-இல் ஜெனீவாவில் வல்லரசுகளின் நிபுணர்கள் கூடி ஒரு கேள்வியை அலசினார்கள். அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டால், ஒருவன் நிலத்தடியில் ரகசியமாக வெடித்ததைக் கண்டுபிடிக்க முடியுமா? நிலத்தடி வெடிப்பும் ஒரு நில அதிர்வுதான். அதை இயற்கை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். அப்போது உலகத்தில் இருந்த நிலையங்களோ ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கடிகாரம். நிலநடுக்க ஆய்வாளர்கள் பல வருடங்களாகக் காசு கேட்டுக் கெஞ்சியும் கிடைக்காதது இந்த ஒரு கேள்வியால் கிடைத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வேலா யூனிஃபார்ம் திட்டப் பணத்தில், 1960-களின் முதல் பாதியில் உலகெங்கும் 120-ஐ ஒட்டிய நிலையங்கள் ஒரே மாதிரிக் கருவிகளோடு நிறுவப்பட்டன. குறுகிய அலைகளுக்கு பெனியாஃப் வகைக் கருவி மூன்று, நீண்ட அலைகளுக்கு செயின்ட் லூயிஸ் நகரத்து ஸ்ப்ரெங்நெதர் கம்பெனியின் கருவி மூன்று, ஒரு துல்லியமான படிகக் கடிகாரம், புகைப்படத் தாள் சுற்றிய உருளைகள். எல்லாம் பெட்டி பெட்டியாக, பெரும்பாலும் இலவசமாக.

இந்தியாவில் டெல்லி, புனே, ஷில்லாங், கொடைக்கானல் ஆகிய நான்கும் இதில் சேர்ந்தன. உலக நிலநடுக்க ஆய்வாளர்களுக்குக் கொடைக்கானல் என்றால் கே.ஓ.டி. என்ற மூன்று எழுத்து. பழனி மலையின் சார்னோக்கைட் பாறை பழையது, கெட்டியானது. அதன்மேல் ஒரு தூணைக் கட்டி, சுவரும் தரையும் தூணைத் தொடாமல் இடைவெளி விட்டு, அதன்மேல் கருவியை வைத்தால் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதும் கேட்கும். ஒரு நாளைக்கு ஆறு தாள். இருட்டறையில் கழுவி, உலர்த்தி, நேரம் குறித்து, அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். அங்கே மைக்ரோஃபிலிமில் படமெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்புவார்கள். யார் கேட்டாலும் பிரதி கிடைக்கும்.

இலவசமாக வந்தது எப்படி வணிகம் ஆகும் என்று கேட்கலாம். கருவி இலவசம்; தாள், ரசாயனம், பல்பு, உதிரிபாகம் தினசரிச் செலவு. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் காசு பார்ப்பதை நாம் இன்று பார்க்கிறோம் அல்லவா, அதே கணக்கு. அந்தத் திட்டத்தால் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கப் பட்டறைகள் சிலவற்றுக்கு ஒரே மூச்சில் பெரிய ஆர்டர் கிடைத்து, அவர்களுடைய வடிவமே உலகத் தரமாகிவிட்டது. அணுகுண்டைப் பிடிக்க வைத்த காதில் விழுந்ததோ பூமியின் மொத்த அசைவு. 1968-இல் ஐசக்ஸ், ஆலிவர், சைக்ஸ் என்ற மூவர் கண்டத்தட்டுகளின் நகர்வை நிலநடுக்கப் பதிவுகளால் நிறுவியது இந்த வலையமைப்பின் புண்ணியத்தில்தான். இதே காலத்தில், 1965-இல், பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பிரிட்டிஷ் அணுசக்தித் துறை உதவியோடு ஒரு கருவித் தொகுப்பு நிறுவப்பட்டது. அதுவும் வெடிப்பைக் கேட்கத்தான்.

1996-இல் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபோது, அதன் கண்காணிப்புக்கு மட்டும் 170 நிலநடுக்க நிலையங்கள் திட்டமிடப்பட்டன. இந்தியா கையெழுத்திடவில்லை. கருவி செய்பவர்களுக்கோ அந்த 170 நிலையங்களால் மறுபடியும் ஒரு நல்ல காலம்.

இனி எண்ணெய். உலக வர்த்தகப் புள்ளிவிவரத்தில் நிலநடுக்கக் கருவியைத் தேடிப் போனால் 9015 என்ற தலைப்பில் போய் நிற்பீர்கள். நில அளவைக் கருவி, வானிலைக் கருவி, கடலியல் கருவி, புவி இயற்பியல் கருவி எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். "நிலநடுக்கக் கருவி ஏற்றுமதி இத்தனை கோடி டாலர்" என்று யாராவது அட்டவணை போட்டுக் காட்டினால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் தொகையில் நிலம் அளக்கும் தியோடலைட்டும் இருக்கும், எண்ணெய் தேடும் ஜியோஃபோனும் இருக்கும்.

அந்த ஜியோஃபோன்தான் பெரிய விஷயம். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அடியில் மண்ணில் குத்த ஒரு ஆணி. நிலம் அசைந்தால் மின்னழுத்தம் வரும். எண்ணெய்க் கம்பெனிகள் இதை ஆயிரக்கணக்கில் வரிசையாக நட்டு, லாரியால் நிலத்தை அதிரவைத்து, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். அமெரிக்காவின் ஜியோஸ்பேஸ், பிரான்ஸின் செர்செல் போன்ற கம்பெனிகள் வாழ்வது இதில். நிலநடுக்க ஆய்வுக்கூடங்கள் வாங்குவது அவர்களுக்குக் கொசுறு மாதிரி. கச்சா எண்ணெய் விலை 2014-க்குப் பிறகு சரிந்தபோது இந்தத் துறை முழுவதும் ஆட்டம் கண்டது. நிலத்தில் எந்த ஆட்டமும் இல்லாமலேயே.

ஜியோஃபோனுக்குப் பெரிய, மெதுவான அலைகள் சரியாகக் கேட்காது. அதற்கு வேகமான அலை, மெதுவான அலை இரண்டையும் கேட்கும் பிராட்பேண்ட் நிலநடுக்கமானி வேண்டும். இதன் உள்வேலை அழகானது. உள்ளே ஒரு எடை தொங்கும். நிலம் அசையும்போது எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பழைய கருவி அந்த விலகலை அளந்தது. புதிய கருவி எடையை விலகவே விடாது. விலக ஆரம்பித்த நொடியே ஒரு மின்சுற்று கண்டுபிடித்து, காந்தவிசையால் பழைய இடத்துக்குத் தள்ளும். தள்ள எவ்வளவு விசை தேவைப்பட்டதோ அதிலிருந்து நிலத்தின் அசைவு தெரியும். வீட்டில் குழந்தை ஊஞ்சலிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி கையை வைத்து அமர்த்துகிறாள் என்றால், பாட்டி கை எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டே குழந்தையின் சேட்டையை அளந்துவிடலாம், இல்லையா? ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு அசைவைக்கூட இப்படிப் பிடிக்கலாம்.

இந்த வேலையைத் திறம்படச் செய்யும் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கனடாவில் ஒட்டாவா பக்கம் நானோமெட்ரிக்ஸ், இங்கிலாந்தில் குரால்ப், சுவிட்சர்லாந்துப் பெயரான ஷ்ட்ரெக்கைசன், இன்னும் சில. இதில் ஷ்ட்ரெக்கைசன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீலாண்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய எஸ்.டி.எஸ்-1, மெதுவான அலைகளைக் கேட்பதில் ராஜா. உலகின் முக்கியமான நிலையங்கள் எல்லாம் அதை வாங்கின. 1990-களில் கம்பெனி அதன் தயாரிப்பை நிறுத்தியது. வாங்குகிறவர்கள் சில நூறு பேர்; வாங்கினால் இருபது வருடம் திரும்பி வரமாட்டார்கள்; அப்படிப்பட்ட சந்தையில் எந்தப் பட்டறை உற்பத்தியைத் தொடரும்? அதன்பிறகு உலகின் மிக நுட்பமான நிலையங்கள் வயதாகும் கருவிகளை ஒட்டுப்போட்டு, மின்சுற்றை மட்டும் மாற்றிக் காலம் தள்ளின. இன்று ஷ்ட்ரெக்கைசன் பெயர் கலிபோர்னியாவின் கினிமெட்ரிக்ஸ் கையில். கினிமெட்ரிக்ஸை 1991-இல் வாங்கியது ஜப்பானின் ஓயோ நிறுவனம். சுவிஸ் பெயர், அமெரிக்கக் கம்பெனி, ஜப்பானிய முதலாளி. உலகமயமாக்கல் என்று மேடையில் முழங்குவதைவிட இந்த ஒரு கருவியின் பெயர்ப்பலகை நன்றாகப் புரியவைக்கும்.

நம் நாட்டில் இதை வாங்குவது தனிப் புராணம். 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர், கில்லாரிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான், தீபகற்பம் நிலநடுக்கத்துக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கை உடைந்தது. உலக வங்கி உதவியோடு தென்பகுதி நிலையங்களுக்கு டிஜிட்டல் பிராட்பேண்ட் கருவிகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு இன்னொரு சுற்று. ஹைதராபாத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை மையம். இப்படி ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ஒரு டெண்டர். நடுவில் உள்ள அமைதியான வருடங்களில் பராமரிப்புக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

2020-இல், 200 கோடி ரூபாய்க்குக் குறைவான அரசுக் கொள்முதலுக்கு உலக டெண்டர் கூடாது, விதிவிலக்கு வேண்டுமானால் மேலிட அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கம் சரிதான். ஆனால் உள்ளூரில் செய்யாத பொருளுக்கு உள்ளூர் டெண்டர் விட்டால் என்ன வரும்? அதே வெளிநாட்டுக் கருவி, நடுவில் ஒரு ஏஜென்ட் கமிஷனோடு வரும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கருவிகளுக்கு இருந்த 5% ஜிஎஸ்டி சலுகையும் 2022 ஜூலையில் போய்விட்டது, பெரும்பாலானவற்றுக்கு 18%. பத்தாயிரம் டாலரைத் தாண்டும் ஒரு கருவிக்கு இது சின்னத் தொகை அல்ல.

வந்து சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. பல பிராட்பேண்ட் கருவிகளில் எடையை இறுக்கும் பூட்டு ஒன்று இருக்கும். அனுப்பும் முன் பூட்ட வேண்டும், நிறுவிய பின் திறக்க வேண்டும். பூட்டாமல் காட் ரோட்டு வளைவுகளில் ஏற்றினால் உள்ளே உள்ள மெல்லிய தகடு போய்விடும். புதிய வடிவங்கள் சிலவற்றில் பூட்டே தேவையில்லை. விளம்பரத்தில் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். அதன் மதிப்பு மலையேறினவர்களுக்குத் தெரியும். பிறகு இடி. கொடைக்கானலில் சித்திரை மாத இடிக்கு எத்தனை டி.வி. போயிருக்கும் என்று எந்த எலக்ட்ரிக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். சென்சாரைவிட அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் பெட்டிதான் முதலில் கருகும். அதைப் பழுதுபார்க்கக் கடல் கடந்து அனுப்பினால், திரும்பி வரும்போது அது புது இறக்குமதி இல்லை என்று சுங்கத்தில் நிரூபிக்கக் காகிதம் தேடி அலைய வேண்டும்.

இப்போது சந்தை மறுபடி திரும்புகிறது. இம்முறை தள்ளுவது செல்போன். போனைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதற்காகச் செய்த முடுக்கமானி சில்லு அரிசி மணி அளவு, சில ரூபாய் விலை. பலவீனமான அதிர்வை அது கேட்காது. பக்கத்தில் வரும் பெரிய ஆட்டத்தை நன்றாகவே பிடிக்கும். தைவானில் இதே வகைச் சில்லுகளை வைத்து பி-அலர்ட் என்ற மலிவான கருவியைச் செய்தார்கள். ரூர்க்கி ஐஐடி உத்தராகண்ட் மலைகளில் நிறுவிய முன்னெச்சரிக்கை அமைப்பு அதைத்தான் பயன்படுத்தியது. 2023 செப்டம்பரில் கூகுள் தன் ஆண்ட்ராய்டு நிலநடுக்க எச்சரிக்கையை இந்தியாவிலும் தொடங்கியது. அப்படிப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய நிலநடுக்கக் கருவி இறக்குமதி நடப்பது செல்போன் கடைகளில். அதை யாரும் 9015-இல் எழுதுவதில்லை.

ஆர்வலர்களுக்கென்று பனாமாவில் ராஸ்பெர்ரி ஷேக் என்ற கம்பெனி, எண்ணெய்க்காரர்களின் ஜியோஃபோனைச் சின்னக் கணினியோடு இணைத்து விற்கிறது. விலை சில நூறு டாலர். மாமா வீட்டுப் பெட்டியும் இந்த ரகம்தான். பாத்திரம் கழுவும் இடத்துக்குத் தள்ளி, பாறை தரையோடு ஒட்டியிருக்கும் மூலையில் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு வண்டி நெரிசல் அதில் தடித்த பட்டையாகத் தெரியும். 2020 ஊரடங்கின்போது உலக நிலையங்களில் மனிதர்கள் உண்டாக்கும் அதிர்வு 50% வரை குறைந்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்போது தன்னிடம் பெட்டி இல்லையே என்று மாமாவுக்கு இன்னும் வருத்தம். ஐப்பசியில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கோடு மெதுவாக மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். அலை கடலடியை மோதும் சத்தம் அது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மாமா அடுப்பில் கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். திரையில் கோடு ஆட ஆரம்பித்தது. கேரட் லாரி என்று நினைத்து அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். லாரி என்றால் பத்து விநாடியில் கடந்துவிடும். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் கோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மியான்மரில் மாண்டலே பக்கம் 7.7 என்று டி.வி.யில் ஓட அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் ஆனது.